மெட்டு ஊர் சுற்றும், சொல் வீட்டில் இருக்கும்

'கெல்டிக் கிறிஸ்துமஸ்' என்று ஒரு ரகம் உண்டு. முன்பெல்லாம் அது குறுந்தகடாகக் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும். இப்போது செல்போன் செயலிகளில் பாட்டுப் பட்டியலாக வருகிறது. உறைப்படம் மட்டும் மாறவே இல்லை. பனி மூடிய ஒரு கல் தேவாலயம், பின்னால் ஒரு மலை, ஜன்னலில் ஒற்றை மெழுகுவர்த்தி. உள்ளே ஹார்ப், டின் விசில், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல எதிரொலிக்கும் ஒரு பெண் குரல். கேட்க இதமாகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

கனடாவின் லோரீனா மெக்கெனிட் 1987-ல் 'டு டிரைவ் தி கோல்ட் வின்டர் அவே' என்ற குளிர்காலத் தொகுப்பைக் கொண்டுவந்தார். அயர்லாந்தின் என்யா 1988-ல் 'சைலன்ட் நைட்' பாட்டை ஐரிஷ் மொழியில் பாடினார். 1995-ல் விண்ட்ஹாம் ஹில் என்ற அமெரிக்க நிறுவனம் 'கெல்டிக் கிறிஸ்துமஸ்' என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதற்குப் பிறகு இந்த ரகத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் இந்த வகைத் தொகுப்புகளைப் பிரித்து ஒவ்வொரு பாட்டாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'சைலன்ட் நைட்' 1818-ல் ஆஸ்திரியாவில் முதன்முதலாகப் பாடப்பட்டது. 'வாட் சைல்ட் இஸ் திஸ்' பாட்டின் மெட்டு 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய இங்கிலாந்துக் காதல் பாட்டு. 'குட் கிங் வென்செஸ்லாஸ்' மெட்டு 1582-ல் அச்சான ஒரு லத்தீன் பாட்டுத் தொகுப்பிலிருந்து வந்தது. ஹார்ப்பில் வாசித்து, கூட ஒரு விசிலையும் சேர்த்தால் எல்லாமே கெல்டிக் ஆகிவிடுகிறது!

அப்படியானால் நிஜமான சரக்கு எங்கே இருக்கிறது? அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மேன் தீவிலும் அந்த இரவில் யார், எங்கே, எதைப் பாடினார்கள்?

கெல்டிக் என்பது அடிப்படையில் ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்க்ஸ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் என்று ஆறு மொழிகள். ஆறுமே பெரிய பக்கத்து மொழிகளிடம் இடம் இழந்த மொழிகள். ஆகவே இந்தப் பாட்டுகளின் கதையில் மெட்டுக்கு ஒரு விதி, சொல்லுக்கு வேறொரு விதி. மெட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், எங்கு வேண்டுமானாலும் போகும். சொல் அப்படிப் போகாது. அந்த மொழி தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில்தான் அது உயிரோடு இருக்கும்.

இதற்குச் சரியான உதாரணம் 'டெக் த ஹால்ஸ்'. ஃபா லா லா என்று உலகத்தின் எல்லா ஷாப்பிங் மால்களிலும் ஒலிக்கிறதே, அதேதான். அதன் மெட்டு வெல்ஷ்காரர்களுடையது. பெயர் 'நோஸ் கலான்', அதாவது புத்தாண்டுக்கு முந்தைய இரவு. கிறிஸ்துமஸ் பாட்டே அல்ல. 1862-ல் வெளியான 'வெல்ஷ் மெலடீஸ்' என்ற தொகுப்பில் தாமஸ் ஆலிஃபன்ட் அதற்கு ஆங்கில வரிகள் எழுதினார். அந்த வரிகளைச் சுமந்துகொண்டு மெட்டு உலகம் சுற்றிவிட்டது. பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது வேல்ஸிலிருந்து வந்தது என்று தெரியும்?

இன்னொன்று இதைவிட ஆச்சரியம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் மல் என்று ஒரு தீவு. அங்கே புனெசன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1789-ல் பிறந்தவர் மேரி மெக்டொனால்ட். சிறு விவசாயக் குடும்பம். அவர் புழங்கிய மொழி கேலிக். ஊரில் வழங்கிய ஒரு பழைய மெட்டில் குழந்தை இயேசுவைப் பற்றி 'லெனவ் அன் ஆய்' என்றொரு பாட்டைக் கட்டினார். 1872-ல் இறந்துபோனார். 1888-ல் லாக்லன் மெக்பீன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மெட்டுக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். 1931-ல் ஓர் ஆங்கிலத் துதிப்பாடல் புத்தகத்துக்காக எலினர் ஃபார்ஜன் அதே மெட்டுக்குக் காலைப் பொழுதைப் பற்றிப் புது வரிகள் எழுதினார். 1971-ல் கேட் ஸ்டீவன்ஸ் அதைப் பாடினார். 'மார்னிங் ஹேஸ் புரோக்கன்' உலகப் புகழ் பெற்றது.

புனெசன் கிராமத்து மெட்டு கோடிக்கணக்கான காதுகளுக்குப் போய்விட்டது. மேரியின் கேலிக் வரிகள்? கேலிக் தெரிந்தவர்களோடு அங்கேயே நின்றுவிட்டன. இதில் கேட் ஸ்டீவன்ஸ் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மெட்டின் சுபாவம் அப்படி.

ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பாட்டு என்பதே ஒரு காலத்தில் சிக்கலான சமாச்சாரம். அங்கே சீர்திருத்தத் திருச்சபை, கிறிஸ்துமஸ் பைபிளில் சொல்லப்படாத பண்டிகை என்று அதை ஒதுக்கியது. 1640-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையை ரத்து செய்து சட்டமே போட்டது. அந்தச் சட்டம் பிறகு போனாலும் மனப்பான்மை போகவில்லை. கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறை நாள் ஆனது 1958-ல்! கொண்டாட்டம் எல்லாம் புத்தாண்டுக்குத்தான்.

ஆனால் மேற்கே சில தீவுகளிலும் மலைப்பகுதிகளிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் அப்படியே நின்றன. பாரா, தெற்கு யூயிஸ்ட், எரிஸ்கே தீவுகளும், பெரிய நிலத்தில் மொய்டார்ட் பகுதியும் அப்படிப்பட்டவை. அந்த மொய்டார்ட்டில் பங்குச் சாமியாராக இருந்தவர் ரானல்ட் ரான்கின். நிலத்துக்காரர்கள் குடியானவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. பஞ்சமும் சேர்ந்துகொண்டது. குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். 1855-ல் ரான்கினும் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அந்தச் சமயத்தில்தான் தன் பங்குக் குழந்தைகளுக்காகக் கேலிக்கில் ஒரு தாலாட்டு எழுதினார். 'தாலக் க்ரீஸ்டா', அதாவது கிறிஸ்துவின் தாலாட்டு. மரியாள் தன் குழந்தையைப் பார்த்துப் பாடுவதாக அமைந்தது.

இந்தப் பாட்டு எப்போது பிறந்தது என்பதை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடல் கடந்து போகிற ஒருவர் எழுதிக்கொடுத்த தாலாட்டு அது. தீவுகளில் நள்ளிரவுப் பூசையில் இதைப் பாடுவது இன்றும் வழக்கம். வாத்தியம் எதுவும் தேவையில்லை. அலை போல ஏறி இறங்கும் ஒரே மெட்டு, சரணத்துக்குப் பின் சரணமாக வரும். பாடுகிறவர்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள், மீனவர்கள், ஆசிரியர்கள். கச்சேரிக்கு வந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

அங்கிருந்து தெற்கே, வேல்ஸுக்கு வரலாம். அங்கே சீர்திருத்தத் திருச்சபைகள் பாட்டை விடவில்லை. பாடும் நேரத்தை மாற்றின. கத்தோலிக்கக் காலத்து நள்ளிரவுப் பூசை போனது, அதன் இடத்தில் விடியற்காலை ஆராதனை வந்து உட்கார்ந்தது. அதன் பெயர் 'பிளகைன்'. சேவல் கூவும் நேரம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று விடிகாலை 3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் கோயிலுக்குப் போவார்கள். அதற்கு முந்தைய இரவு தூக்கம் கிடையாது. வீட்டை இலைகளால் அலங்கரிப்பார்கள். வெல்லப்பாகு போன்ற கரும்பாகைக் காய்ச்சி இழுத்து மிட்டாய் செய்வார்கள். பிறகு ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு இருட்டில் நடந்து போவார்கள்.

ஆராதனை முடிந்ததும் 'பிளகைன் தொடங்குகிறது' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் அழைப்பதில்லை, அறிமுகமும் இல்லை. கூட்டத்திலிருந்து இரண்டு பேரோ மூன்று பேரோ எழுந்து முன்னால் வருவார்கள். அண்ணன் தம்பிகளாக இருக்கலாம், தகப்பனும் மகளுமாக இருக்கலாம். சுருதிக் கவையைத் தட்டிச் சுருதி பிடித்துக்கொண்டு, வாத்தியமில்லாமல் மூன்று குரலில் பாடுவார்கள். முடிந்ததும் பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கைதட்டல் கிடையாது. அடுத்த கோஷ்டி எழும். எல்லோரும் பாடி முடித்தபின் அதே வரிசையில் இரண்டாவது சுற்று. ஒருமுறை பாடிய பாட்டை அன்று இன்னொருவர் பாடக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் கைவசம் நிறையப் பாட்டு வைத்திருக்க வேண்டும். தாத்தா கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் அதற்குத்தான் பயன்படுகின்றன. கடைசியில் கூட்டத்தில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் முன்னால் வந்து 'இராப்போஜனக் கரோல்' பாடி முடிப்பார்கள்.

இந்தப் பாட்டுகள் மாட்டுத்தொழுவம், குழந்தை, நட்சத்திரம் என்பதோடு நிற்பவை அல்ல. பல பாட்டுகள் ஆதாமின் பாவத்தில் தொடங்கிச் சிலுவை வரை போகும். பத்துப் பன்னிரண்டு சரணங்கள் சர்வ சாதாரணம். மெட்டுகளில் பல, இங்கிலாந்திலிருந்து வந்த ஜனரஞ்சகப் பாட்டுகளின் மெட்டுகள். அதாவது இங்கே நேர்மாறாக நடந்திருக்கிறது. மெட்டு வெளியிலிருந்து உள்ளே வந்தது, சொல் மட்டும் சொந்தச் சரக்கு. வேல்ஸில் பல இடங்களில் இந்த வழக்கம் தேய்ந்துபோனாலும், நடு வேல்ஸில் மாண்ட்கோமரிஷயர் பகுதியில் விடாமல் தொடர்ந்தது. இப்போது மற்ற இடங்களிலும் திரும்ப நடத்துகிறார்கள். நேரம் பெரும்பாலும் மாலைக்கு மாறிவிட்டது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி வரை ஊர் ஊராக முறை வைத்து நடக்கிறது. வெல்ஷ் மொழி வீட்டில் பேசப்பட்ட இடத்தில்தான் பிளகைன் பிழைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மொழி பிழைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மேன் தீவு சாட்சி. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தீவு அது. அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுக்கு 'இல் வெர்ரீ' என்று பெயர். மரியாளின் திருநாள் இரவு என்று அர்த்தம். ஆராதனை முடிந்ததும் போதகர் வீட்டுக்குப் போய்விடுவார். ஜனங்கள் போகமாட்டார்கள்! அதற்குப் பிறகுதான் அவர்களுடைய நிகழ்ச்சியே ஆரம்பம். ஒவ்வொருவராக எழுந்து மாங்க்ஸ் மொழியில் 'கார்வல்' என்ற நீண்ட பாட்டுகளைப் பாடுவார்கள். பாவம், மரணம், நியாயத்தீர்ப்பு என்று பயமுறுத்தும் விஷயங்கள் அதில் நிறைய. அதே நேரத்தில் பெண்கள் வறுத்த பட்டாணியைக் கொண்டுவந்து கல்யாணமாகாத இளைஞர்கள் மீது எறிவார்களாம். நரகத்தைப் பற்றிய பாட்டு ஒரு பக்கம், பட்டாணி மழை ஒரு பக்கம்.

கார்வல்கள் ஜனங்கள் தாங்களே எழுதியவை. அச்சில் வராமல் கையெழுத்துப் பிரதிகளாக வீடு வீடாகப் புழங்கியவை. 1891-ல் ஏ. டபிள்யூ. மூர் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை அச்சிட்டார். ஆனால் அச்சிடும்போதே மொழி தேய்ந்துகொண்டிருந்தது. 1901 கணக்கெடுப்பில் மாங்க்ஸ் பேசுகிறவர்கள் 4,419 பேர். 1921-ல் 896 பேர். பாலில் தாய்மொழியாக மாங்க்ஸ் கலந்து வளர்ந்த கடைசி மனிதர் என்று கருதப்பட்ட நெட் மாட்ரல் என்ற மீனவர் 1974 டிசம்பர் 27-ஆம் தேதி காலமானார். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள்.

புத்தகத்தில் கார்வல்கள் இருந்தன, எழுந்து பாட ஆளில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. மாட்ரல் போன்றவர்களிடம் நேரில் போய் உட்கார்ந்து மொழியைக் கற்றவர்கள் இருந்தார்கள், ஒலிப்பதிவுகள் இருந்தன. 2001-ல் முழுக்க மாங்க்ஸ் வழியில் கற்பிக்கும் ஒரு தொடக்கப் பள்ளி ஆரம்பித்தது. 2009-ல் யுனெஸ்கோ இந்த மொழியை அழிந்த மொழி என்று குறித்தபோது அங்கிருந்து எதிர்ப்பு கிளம்பி, யுனெஸ்கோ அதைத் திருத்திக்கொண்டது. பாட்டும் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இடையில் அறுந்த நூல் அறுந்ததுதான். தாத்தாவிடம் கேட்டுப் பாடுவது ஒன்று, புத்தகத்தைப் பார்த்துப் பாடுவது வேறு.

இதுவரை சொன்னதை வைத்து, கெல்டிக் மொழி இருந்தால்தான் கெல்டிக் கிறிஸ்துமஸ் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டம் அந்த முடிவைக் கலைத்துவிடும். அங்கே கில்மோர் என்ற கிராமம். 1169-ல் நார்மானியர்கள் வந்து இறங்கியதற்குப் பக்கத்துப் பகுதி. அவர்களோடு வந்தவர்களின் பழைய ஆங்கிலம் 'யோலா' என்ற தனிப் பேச்சாக 19-ஆம் நூற்றாண்டு வரை அங்கே இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் பாடப்படும் கரோல்கள் எந்த மொழியில்? ஆங்கிலத்தில்!

1649-ல் கிராம்வெல்லின் படை வெக்ஸ்ஃபோர்ட் நகரைச் சூறையாடியது. அதற்குப் பின் கத்தோலிக்கர்களுக்கு நிலமும் போனது, கோயிலும் போனது. அந்த மண்ணின் ஆயரான லூக் வாடிங் 1684-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஒரு சிறிய பாட்டுப் புத்தகத்தை அச்சிட்டார். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளின் மெட்டில் பக்திப் பாட்டுகள். அதில் ஒன்று 1678 கிறிஸ்துமஸ் நாளைப் பற்றியது. அந்த ஆண்டு, அரசரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்கிறார்கள் என்று லண்டனில் ஒரு புரளி கிளம்பி, சாமியார்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. பூசை இல்லாத கிறிஸ்துமஸ். அந்த நாளுக்கும் ஒரு பாட்டு எழுதினார் வாடிங். உலகத்துக் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் இப்படித் தேதி போட்டுத் துக்கம் சொல்லும் பாட்டு அபூர்வம்.

1728-ல் வில்லியம் டெவரூ என்ற சாமியார் இதோடு புதிய பாட்டுகளையும் சேர்த்துக் கையெழுத்துத் தொகுப்பு ஒன்றை உண்டாக்கினார். அதைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து ஜனங்கள் காப்பாற்றினார்கள். கில்மோரில் இன்றும் பாடுகிறார்கள். ஆறு ஆண்கள், மூன்று மூன்று பேராக இரண்டு அணி. ஒரு சரணம் இவர்கள், அடுத்த சரணம் அவர்கள். வாத்தியம் இல்லை, ஒத்திசைக் குரல் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நெளிவு கொடுத்துப் பாடுவார்கள். முதல்முறை கேட்பவருக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரையிலான திருநாட்களில், இந்த நாளுக்கு இந்தப் பாட்டு என்று கணக்கு உண்டு. பாடும் இடம் பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. டியர்மட் ஓ முரிஹியும் இசையமைப்பாளர் ஷோர்ஷா பாட்லியும் இந்தப் பாட்டுகளை 1982-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள்.

இதே மாவட்டத்திலிருந்து வந்த இன்னொரு பாட்டுதான் உலகப் புகழ் பெற்ற 'வெக்ஸ்ஃபோர்ட் கரோல்'. இது கில்மோர் தொகுப்பில் இல்லை. என்னிஸ்கார்த்தி ஊர்ப் பேராலயத்தில் ஆர்கன் வாசித்த வில்லியம் கிராட்டன் ஃபிளட், உள்ளூர்ப் பாடகரிடம் கேட்டு எழுதிக்கொண்டது. 1928-ல் 'ஆக்ஸ்ஃபோர்ட் புக் ஆஃப் கரோல்ஸ்' மூலம் வெளியுலகத்துக்கு வந்தது. குறுந்தகடு உறைகளில் இதை 12-ஆம் நூற்றாண்டுப் பாட்டு என்று போட்டிருப்பார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் மெட்டின் அழகுக்கு அந்தப் பொய் தேவையும் இல்லை. மேஜர் ஸ்கேலில் நிமிர்ந்து போய்க்கொண்டிருக்கும் மெட்டில், நம் ஹரிகாம்போஜியில் வருவது போல நிஷாதம் அரை ஸ்வரம் இறங்கி ஒலிக்கும் இடங்கள் உண்டு. அந்த இறக்கத்தில்தான் மனசு போய் நிற்கும்.

பழமை முத்திரை குத்தப்பட்ட இன்னொரு பொருள் பௌரான் என்ற அந்தத் தோல் மேளம். கெல்டிக் கச்சேரி என்றாலே அது இல்லாமல் முடியாது என்று இன்று நினைக்கிறோம். ஆனால் 1960-களில் ஷோன் ஓ ரியாடா அதை மேடைக்குக் கொண்டுவரும் வரை, பெரும்பாலும் அது டிசம்பர் 26-ஆம் தேதிக்கான மேளம். அன்று அயர்லாந்தில் 'ரென் குருவி நாள்'. வைக்கோல் உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு இளைஞர்கள் வீடு வீடாகப் போய்க் காசு கேட்டுப் பாடுவார்கள். அதற்கு அடிக்கும் தெரு மேளம் அது!

ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் புகைமூட்டத்தை விற்பவர்கள் என்று சொல்வதும் நியாயமில்லை. சீஃப்டன்ஸ் குழு 1991-ல் கொண்டுவந்த 'த பெல்ஸ் ஆஃப் டப்ளின்' தொகுப்பில் பேராலய மணியோசையும் உண்டு, ரென் நாளின் கூச்சலும் உண்டு. வெக்ஸ்ஃபோர்ட் கரோலும் உண்டு. 2014-ல் பாடகி காட்ரீனா ஓ'லியரி, வாடிங், டெவரூ காலத்துப் பாட்டுகளை டாம் ஜோன்ஸ், ரோஸான் கேஷ், ரியானன் கிடன்ஸ் போன்றவர்களோடு சேர்ந்து பதிவு செய்தார். அதைக் கேட்டுவிட்டுக் கில்மோர் என்ற ஊர்ப் பெயரைத் தேடிப் போனவர்கள் இருப்பார்கள். அந்த அளவுக்குப் பதிவு ஒரு நல்ல வாசல்.

ஆனால் வாசல் வீடாகிவிடாது. 1640-ன் சட்டம், 1678-ன் உத்தரவு, ஊரைக் காலி செய்த நிலச்சுவான்தார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படாமல் போன மொழி. இத்தனையையும் தாண்டி இந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் அந்த ஆண்டும் எழுந்து பாடினார் என்பதுதான். நல்ல குரல் என்பதற்காக அல்ல, அது அவர் முறை என்பதற்காக. கில்மோரில் ஆறு பேரில் ஒருவர் இறந்தால் ஏழாவது ஆள் ஒருவர் வந்து நிற்க வேண்டும். எந்த ஸ்டூடியோவும் அந்த ஆளை உண்டாக்கித் தராது.

இந்த டிசம்பரில் கெல்டிக் கிறிஸ்துமஸ் என்று தேடினால் முதலில் வருவது அந்த ஹார்ப்பும் எதிரொலியும்தான். கேளுங்கள், நன்றாகத்தான் இருக்கும். பிறகு கொஞ்சம் மெனக்கெட்டு 'பிளகைன்' என்றோ 'கில்மோர் கரோல்' என்றோ தேடிப் பாருங்கள். சுருதி லேசாக விலகும், நடுவில் யாராவது இருமுவார்கள், பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள். நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்கும். அடுத்தவர் பாட எழுந்துகொண்டிருப்பார்.